இரண்டு மூச்சு

என் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் மூக்கு. பார்த்தால் அப்படியொன்றும் பெரிய மூக்கு இல்லை. நடுத்தர அளவு, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் கேஸ் ஏஜென்சியில் இருபத்தெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்த அந்த மனிதர், ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ரெகுலேட்டர் இல்லம்மா, அடுப்புல இடது குமிழ்" என்பார். உள்ளே போய்ப் பார்த்தால் இடது குமிழில்தான் கசிவு இருக்கும். ஒரு தடவை புகார் கொடுத்த வீட்டுக்கு மாடி ஏறியவர், பாதிப் படியிலேயே நின்று யோசித்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். புகார் கொடுத்தவர்கள் வீட்டில் ஒன்றுமில்லை. எதிர்வீட்டில் டியூப் விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் மட்டும் மாமா என்பேன்.

நான் அதே ஏஜென்சியில் புகார் போன் எடுப்பவன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவர்தான். அதை மறக்கவும் அவர் என்னை விட்டதில்லை. என் காதும் அவர் மூக்கும் சேர்ந்துதான் இந்த ஊரைக் காப்பாற்றுகின்றன என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். "மாப்ளைக்குக் காது மட்டும் இருந்தா போதும், மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததற்கும் இந்தக் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் பாதுகாப்புச் சோதனை உண்டு. டியூபில் அச்சடித்த தேதி தாண்டிவிட்டதா, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா, காற்று போக வழி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட்டு சமையலறைக் கதவில் மாட்டவேண்டும். மற்ற மெக்கானிக்குகள் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். இவர் வீட்டிலிருக்கும் எல்லோரையும் சமையலறைக்கு வரவழைப்பார். "இப்ப கேஸ் வாசனை வருது. என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க" என்பார். பத்துக்கு ஒன்பது பேர் நேரே போய் ஃபேன் சுவிட்சில் கை வைப்பார்கள். வாசனையை விரட்டுகிறார்களாம். "செத்தீங்க" என்பார் மாமா, சிரிக்காமல். ஒரு வங்கி அதிகாரியை அவர் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் மூன்று தடவை சாகடித்தார். நான்காவது தடவை அந்த ஆள் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஒரு சுவிட்சையும் தொடாமல் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தெருவில் போய் நின்று, அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். உங்கள் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் மரியாதை சொல்லிக் கொடுங்கள் என்றார். சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். அந்த மாதிரி போன் மாதத்துக்கு நாலு வரும்.

இவ்வளவு கறாரான மனிதரிடம் ஒரு ஓட்டை இருந்தது. டியூப் சேரும் இடங்களிலும் ரெகுலேட்டரைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. அதற்காக ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் எவ்வளவு சோம்பேறிகளாக இருந்தாலும் நுரை பார்க்காமல் வரமாட்டார்கள். மாமாவின் பாட்டில் அவர் மேஜை டிராயரில் தூசி படிந்து கிடந்தது. சோப்புத் தண்ணீர் மூக்கில்லாதவனுக்கு என்பார். அவர் முறை வேறு. ரெகுலேட்டரை மாட்டித் திறந்து, குனிந்து, மூக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து இரண்டு மூச்சு இழுப்பார். முதல் மூச்சு குட்டை, இரண்டாவது நீளம். பிறகு சிலிண்டரின் தோளில் ஒரு தட்டு. அந்தத் தட்டு விழுந்தால் வீட்டுக்காரர்களுக்கு முகம் தெளிந்துவிடும். முதலாளிக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். யாரும் அவரைச் சோப்புத் தண்ணீர் தடவச் சொன்னதில்லை, ஏனென்றால் அந்த மூக்கு ஒரு நாளும் தவறியதில்லை.

அக்கா வீட்டில் மஞ்சள் அட்டை கிடையாது. மூக்கே குடியிருக்கும் வீட்டுக்கு அட்டை எதற்கு என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அக்காவும் அவரும் மட்டும்தான் அந்த வீட்டில். ஒரே மகள், கல்யாணமாகித் தொலைவுக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்த ஒரு காய்ச்சல் இரண்டு பேரையும் ஒன்றாகப் படுக்க வைத்தது. எழுந்தபோது இரண்டு பேருக்கும் வாசனை தெரியவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொன்னார். பத்தாவது நாளே மாமா தனக்கு வந்துவிட்டது என்றார். அவர் மூக்கு அப்படி என்று எல்லோரும் நம்பினோம்.

அக்காவுக்கு ஒரு மாதம் கழித்து வந்தது, ஆனால் கோணல்மாணலாக வந்தது. சோப்பை எடுத்தால் ரப்பர் எரிகிற வாசனை என்பாள். வெங்காயத்தை நறுக்கினால் பெட்ரோல் என்பாள். அவள் ஒளிவுமறைவு தெரியாதவள். தெருவில் போகிறவரைக் கூட நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். சந்தேகம் வந்தால் எதையும் கொண்டுபோய் மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டுவாள். ஏங்க, இது என்ன வாசனை என்பாள். மாமா தன் வழக்கப்படி இரண்டு மூச்சு இழுத்துவிட்டு, வெங்காயம்தான், உன் மூக்கு இன்னும் சரியாகவில்லை என்பார். "என் மூக்கு இப்ப அவர்கிட்டதான் இருக்கு தம்பி" என்று அவள் என்னிடம் சொன்னாள். சொன்னபோது சிரிப்பாகத்தான் இருந்தது.

காய்ச்சல் போய் ஐந்தாவது மாதம் எனக்கு உண்மை தெரிந்தது. மதியம் ஏஜென்சியில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்று அவர் பையில் இரண்டு டிபன் டப்பாக்கள் இருந்தன. ஒன்று அன்றைக்கு அக்கா கொடுத்தது. இன்னொன்று முந்திய நாள் சாப்பிடாமல் பையிலேயே விட்டுவிட்டது. கோடைக்காலம். அவர் பழைய டப்பாவைத் திறந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் ஊசிப்போன வாடை வந்தது. அவர் பேசிக்கொண்டே மூன்று கவளம் சாப்பிட்டார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்திலிருந்து டப்பாவைப் பார்த்தார். மெதுவாக மூடி போட்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்லேர்ந்து."

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே."

குழாயில் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்தார். முதலாளிக்குத் தெரிந்தால் குடோனில் சிலிண்டர் தூக்க அனுப்பிவிடுவார், ஐம்பத்தாறு வயதில் முதுகு தாங்காது என்றார். இந்த ஐந்து மாதம் வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டதற்கு, கண்ணால் பார்க்கிறேன் என்றார். டியூப் கொஞ்சம் பழசாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுகிறாராம். வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்களா என்று கவனிக்கிறாராம். ஒரு தப்பும் நடக்கவில்லையே என்று என்னையே கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே மாப்ள. அவ தன் மூக்கை என்னை வெச்சுத்தான் சரி பார்க்கிறா. இப்பப் போய்ச் சொன்னா பயந்துடுவா. எப்படியும் வந்துடும்."

அவர் டிராயரைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்தேன். தூசியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் நிரப்பி, அவர் பையில் வைத்தேன். இனி எந்த வீட்டிலும் இதைத் தடவாமல் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் முதலாளியிடம் நானே சொல்லிவிடுவேன் என்றேன். சரி என்றார். என் அதட்டலுக்கு அவர் தலையாட்டினார். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு முறை அவர் பையைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் குறைந்திருக்கும். மறுபடி நிரப்புவேன். என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவர் அதில் கை கழுவிக்கொண்டிருந்தார் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. முதல் நாள், முதல் வீட்டிலேயே பாட்டிலை வெளியே எடுத்திருக்கிறார். அந்த வீட்டுக்காரம்மா, என்ன மூக்கு, சளி பிடிச்சிருக்கா என்று கேட்டிருக்கிறாள். பாட்டில் திரும்பப் பைக்குள் போய்விட்டது. இருபத்தெட்டு வருஷம் இரண்டு மூச்சைப் பார்த்துப் பழகிய ஊரில் அவரால் நுரை பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்கா வீட்டுக்குப் போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். தீய்ந்த வாசனை வருகிறது, உண்மையா என் பிரமையா என்று கேட்டு மாமாவிடம் நீட்டினாள். மாமா குட்டையாக ஒரு மூச்சு, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். "ஒண்ணுமில்ல. உன் மூக்குதான்" என்றார். அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் அந்தத் தீய்ந்த வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டி அதிக நேரம் உட்கார்ந்த துண்டு அது. ஓரத்தில் லேசாகப் பழுப்பு கூடத் தெரிந்தது. அக்கா சொன்னது சரி. நான் பேப்பரைப் புரட்டினேன். அவள் துண்டை மடித்து வைத்துவிட்டுத் தன் மூக்கை ஒரு தட்டுத் தட்டி, "எப்பதான் சரியாகுமோ" என்றாள்.

அந்த ஒரு இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். துண்டு தீய்ந்துதான் இருக்கு அக்கா, உன் மூக்கு சரியாயிடுச்சு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மாமாவைக் காட்டிக்கொடுக்கக்கூட வேண்டியதில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சமையல் முடியும் தறுவாயில் அக்கா வீட்டில் கேஸ் தீர்ந்தது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மாமா புது சிலிண்டரை மாட்டினார். அதன் வாயில் இருக்கும் ரப்பர் வாஷர் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அது பையில் இருந்தது, எடுக்கச் சோம்பல். ரெகுலேட்டரைத் திறந்து, குனிந்து, இரண்டு மூச்சு இழுத்து, சிலிண்டரின் தோளில் தட்டினார். அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள். வாசனை வருகிற மாதிரி இருக்கே என்றாள். மாற்றும்போது கொஞ்சம் வெளியே வரும், அது போய்விடும் என்றார். அதுவும் உண்மைதான், எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி குனிந்து இரண்டு மூச்சு இழுத்தார். உன் மூக்குதான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். புழுதிக்குப் பயந்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சிலிண்டர் இருந்தது மேடைக்குக் கீழே, கதவு போட்ட அலமாரிக்குள். அப்படி வைக்கக்கூடாது என்று மாமா ஊரெல்லாம் சொல்வார். தன் வீட்டில், பார்க்க நன்றாக இருக்கிறதென்று அக்கா போட்ட கதவை அவர் கழற்றச் சொன்னதில்லை. மூக்குதான் இருக்கிறதே. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவது அக்காவின் பழக்கம். அன்று புது சிலிண்டரில் அடுப்பே பற்றவைக்கவில்லை, அதனால் மூடவும் தோன்றவில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவித் தேங்கும். நாலு மணி நேரம் தேங்கியது. ஒரே வாசனைக்குள் வெகுநேரம் இருந்தால் நல்ல மூக்குக்கே அது மரத்துப்போகும். அவள் அதே வீட்டில்தான் துணி மடித்துக்கொண்டு, கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருந்தாள். பன்னிரண்டு மணிக்கு சாதத்தைச் சூடு பண்ண அடுப்பைப் பற்றவைத்தாள்.

போன் எனக்குத்தான் வந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் என் நம்பரை ஒட்டி வைத்தவர் மாமா. பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். முகவரி சொன்னார். புகார் போனில் கேட்கவேண்டிய கேள்விகள் ஏழு, ஒரு அட்டையில் எழுதி என் முன்னால் வைத்திருப்பார்கள். நான் ஏழையும் கேட்டேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பது மூன்றாவது கேள்வி. இருக்காங்க, அந்த மூக்கோட சம்சாரம் என்றார். நான் நான்காவது கேள்விக்குப் போனேன்.

அக்கா இரண்டு நாள் இருந்தாள். முதல் நாள் பேசினாள். கட்டுக்குள் இருந்த முகத்தில் கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. நானும் மாமாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம்.

"எனக்கு வந்துச்சுடா தம்பி" என்றாள். "பதினொரு மணிக்குக்கூட வந்துச்சு. உனக்குப் போன் பண்ணலாமான்னு நெனச்சேன். அவரே பார்த்துட்டுப் போயிருக்காரு, என் கோணல் மூக்கை நம்பிப் போன் பண்ணா ஆபீஸ்ல அவரைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

மாமா தரையில் மண்டியிட்டு அவள் காதருகே வந்தார். உன் மூக்கு சரிதான், என்னுடையதுதான் போய்விட்டது, காய்ச்சலிலிருந்தே இல்லை என்று சொன்னார். அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது மாதமாக அவர் முகத்துக்கு நேரே நீட்டிய சோப்பு, வெங்காயம், துண்டு எல்லாவற்றையும் அவள் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு, "வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"யாருக்கும் தெரியாது" என்றார் மாமா.

நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என் கை அவள் போர்வை மேல் இருந்தது. அவள் என்னைப் பார்த்து, "நீ அவரைத் திட்டாதே" என்றாள். சரி அக்கா என்றேன். மறுநாள் மாலை அவள் போய்விட்டாள்.

பதினாறு நாள் கழித்து மாமா ஏஜென்சிக்கு வந்து முதலாளி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒன்பது மாதத்தில் அவர் கையெழுத்துப் போட்ட மஞ்சள் அட்டைகள் நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனை வீட்டையும் மறுபடி சோதிக்கவேண்டும், தானே போகிறேன் என்றார். முதலாளி அவருடன் இன்னொரு மெக்கானிக்கை அனுப்பினார். இது முடிந்ததும் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார். மாமா தலையசைத்தார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டிப் போன் செய்தவன் நான். அதனால் அவர் அங்கே என்ன சொன்னார் என்பது எனக்குத் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியதும், "எனக்கு வாசனை தெரியாது. உங்களுக்கு வருதா?" என்று கேட்பார். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார். பிறகு அந்த மெக்கானிக் ரெகுலேட்டரிலும் டியூபிலும் குமிழிலும் சோப்புத் தண்ணீர் தடவ, இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நுரையைப் பார்ப்பார். கிளம்பும்போது சொல்வார்: "என் சம்சாரம் வாசனை வருதுன்னு சொன்னா. நான் இல்லேன்னு சொன்னேன். அவ சொன்னதுதான் சரி. உங்களுக்கு வாசனை வந்தா, எவன் இல்லேன்னு சொன்னாலும் நம்பாதீங்க. வெளிய வந்து போன் பண்ணுங்க." சிலர் அழுதார்கள். சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அந்த வங்கி அதிகாரி அவரைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாராம். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்பது வீட்டில் குமிழி கிளம்பியது.

கடைசி அட்டை என் வீட்டினுடையது.

அன்று அந்த மெக்கானிக்குக்குக் காய்ச்சல், மாமா தனியாக வந்தார். பத்து கிலோ குறைந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என் மனைவியிடம் அதே வாக்கியத்தைச் சொன்னார். எனக்கு வாசனை தெரியாதும்மா, உனக்கு வருதா. இல்லண்ணா என்றாள். என்னிடமும் கேட்டார். இல்லை என்றேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். நான் தூசி துடைத்துக் கொடுத்த அதே பாட்டில். ரெகுலேட்டரைச் சுற்றித் தடவி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நுரை அசையாமல் கிடந்தது.

என் மனைவி நல்ல மனசுக்காரி. அவரை ஏதாவது சொல்லித் தேற்றவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"நம்ம வீட்டைப் பத்திக் கவலையே படாதீங்கண்ணா. அன்னிக்கு நீங்க பார்த்துட்டுப் போனதும் இவர் உடனே சோப்புத் தண்ணி கலந்து எல்லா இடத்துலயும் தடவிப் பார்த்துட்டார். எதுக்குன்னு கேட்டேன், சும்மாதான்னார்."

இதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். அது உண்மை. டிபன் டப்பா விஷயம் நடந்து இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவர் என் வீட்டுச் சோதனைக்கு வந்தார். இரண்டு மூச்சு இழுத்து, தட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டார். பையைத் திறக்கவே இல்லை. அதை நான் பார்த்தேன். அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து எல்லா இடத்திலும் தடவினேன். என் பெண்டாட்டி, என் பிள்ளைகள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அவள் வீட்டில் மஞ்சள் அட்டை இல்லை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் எழுந்திருப்பேனா என்று தெரியவில்லை.

மாமா குனிந்தபடியே இருந்தார். பிறகு ரெகுலேட்டரில் இருந்த நுரையைத் துணியால் நன்றாகத் துடைத்தார். அவசரப்படாமல் டியூபையும் துடைத்தார். எழுந்து, மேடை மேல் புது மஞ்சள் அட்டையை வைத்து, தேதி எழுதினார். முகவரி எழுதினார். சோதித்தவர் கையெழுத்து என்று இருக்கும் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார். அதை என் பக்கம் நீட்டினார்.

"நீ போடு மாப்ள" என்றார். "சோதிச்சது நீதானே."

அவர் குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் அவளிடம் யாருக்கும் தெரியாது என்று சொன்னபோது இருந்த குரல்தான். என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவு ஆணியில் மாட்டி, கோணலாக இருந்ததை நேராக்கிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.